வெட்டு இல்லாத தோட்டம்

எங்கள் எதிர்வீட்டு அத்தை ஒரே மாதத்தில் மூன்று முறை தன் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்தார். மூன்று முறையும் நோய் தோட்டத்தில் இல்லை, அவர் கண்ணில் இருந்தது.

ராயப்பன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை போடுகிறவர்களுக்குச் சாம்பல் நோய் என்றால்தான் பெரிய பயம். இலையில் மாவு தூவியதுபோல வெள்ளையாகப் படரும். கவனிக்காமல் விட்டால் கொத்தில் ஏறிக்கொள்ளும். ஒரு நாள் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த அத்தைக்கு இலையெல்லாம் வெளுத்துத் தெரிந்தது. கந்தகம் அடித்தார். ஒரு வாரம் கழித்தும் வெளுப்பு அப்படியே இருந்தது. மருந்துக்கடைக்காரரோடு சண்டை போட்டு வேறு மருந்து வாங்கி அடித்தார். பிறகு அதைவிடக் காட்டமாக இன்னொன்று. அன்று மாலை என்னைத் தெருவில் மறித்துச் சொன்னார்.

"ஏத்தா, இந்த நோயி தோட்டத்த விட்டு வெளிய வந்துருச்சு. வேப்ப மரத்துல இருக்கு. பஸ்ஸு போர்டுல இருக்கு. ஒங்க மாமா மூஞ்சியில இருக்கு."

"மூஞ்சிக்கும் டேங்க் கலக்கிறப் போறா" என்றார் மாமா வீட்டுக்குள்ளிருந்து.

அப்போது நான் தேனி அல்லிநகரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். பையில் எப்போதும் சின்ன டார்ச் இருக்கும். அதை அத்தையின் வலது கண்ணில் அடித்துப் பார்த்தேன். கருவிழியின் நடுவே நன்றாகச் சாம்பல் பூத்திருந்தது. இடது கண்ணில் அதன் ஆரம்பம்.

"அத்த, இது இலை இல்ல. கண்ணுல புரை."

அவர் விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப அந்த மூணு டேங்க் மருந்து?"

"நல்ல இலைக்கு அடிச்சிருக்கீக."

"சரி, ஊருக்குள்ள சொல்லிராத."

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு அத்தையிடம்தான் வருவார்கள். இவர் வெயிலில் தூக்கிப் பார்த்து, திருப்பி அடிப்பக்கம் பார்த்து, "போ, ஒண்ணுமில்ல" என்றோ, "சாயங்காலமே அடி" என்றோ சொல்வார். அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். இலை பார்க்கத் தெரியாத அத்தையை ஊர் எப்படி நடத்தும் என்று யாருக்கும் தெரியாது, அத்தைக்கே தெரியாது.

அத்தைக்கு உலகத்தில் திராட்சைக் கொடி ஒன்றுதான் முழுசாகத் தெரியும். மிச்ச எல்லாவற்றையும் அதைக்கொண்டே தீர்ப்பார். மூன்று வயதாகியும் பேசாத குழந்தையைப் பார்த்து, "கொடி நல்லாத்தான் இருக்கு. பந்தல்ல ஏத்திக் கட்ட ஆளில்ல. பேச்சுக் குடுங்க" என்றார். குழந்தை பேசியது. நின்றுபோன ஒரு நிச்சயதார்த்தத்தைப் பற்றி, "கொடி மேலயும் குத்தமில்ல, மண்ணு மேலயும் குத்தமில்ல, நட்ட மாசந்தான் சரியில்ல" என்றார். இரண்டு வீட்டாரும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். என் அண்ணன் பரீட்சையில் தோற்று வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, "மொதக் காய்ப்ப உதுத்து விட்டாத்தான் கொடி பெலக்கும்" என்று ஆறுதல் சொன்னார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது காய்ப்பையும் உதிர்த்தான்.

ஆக, பாதிக்கு மேல் சரியாக இருக்கும். அதுதான் சிக்கல். முழுக்கத் தப்பாக இருந்தால் மறுத்துவிடலாம்.

நான் பட்டியல்காரி. ஊருக்குப் போனால் பைக்குள் இருக்கும் சாமான்களின் பட்டியல் பையின் மேல்பகுதியில் இருக்கும். அத்தைக்கு வலது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்ததும் சொட்டு மருந்துக்காக ஒரு தாள் தயாரித்தேன். பதினொரு விதிகள், பெரிய எழுத்தில்.

கட்டு அவிழ்த்த அன்று காலையில் அத்தை முதலில் பார்த்தது வார்டுச் சுவரில் இருந்த பல்லியை. "பல்லி! காலு நாலும் தெரியுது!" என்று மாமாவின் தோளில் ஓர் அடி வைத்தார். இரண்டாவதாக என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, ஒன் மூஞ்சியில இம்புட்டுப் பருவா? நான் நல்லாருக்குன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்."

மருந்து இரண்டு பாட்டில். ஒன்று, கண்ணுக்குள் கிருமி தொற்றாமல் இருக்க, ஒரு வாரத்துக்கு. மற்றது பால்போலக் கலங்கலாக இருக்கும் ஸ்டீராய்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் கண்ணுக்குள் வரும் அழற்சியை, அதாவது வீக்கத்தையும் சிவப்பையும், அடக்குவது. முதல் வாரம் தினம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் நான்கு என்று வாரா வாரம் ஒன்று குறைத்து ஆறு வாரத்தில் முடிக்க வேண்டும்.

நான் தாளை எடுத்து முதல் விதியைப் படித்தேன். "கலங்கலா இருக்குற மருந்த, போடுறதுக்கு முன்னாடி நல்லாக் குலுக்கணும்."

"பின்ன? அடியில தங்கிருமே. குலுக்காம அடிச்சா மேல வெறும் தண்ணிதான வரும்."

"ரெண்டு மருந்துக்கும் நடுவுல அஞ்சு நிமிசமாவது இடைவெளி விடணும்."

"மொத மருந்து புடிக்காம ரெண்டாவத அடிச்சா ரெண்டுமே வழிஞ்சுரும். இதெல்லாம் ஒரு சேதியா?"

"கை கழுவணும். ஒரு வேளைக்கு ஒரு சொட்டுதான்."

"கூட அடிச்சா இலை கருகிரும். அடுத்தது சொல்லு."

கல்லூரியில் நான்கு ஆண்டு படித்ததை அத்தை பந்தலுக்குக் கீழேயே கற்றிருந்தார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நான் செய்த பிழை அதுதான்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை. தோட்டத்துக்குப் போனால், பந்தலின் கீழே கயிற்றுக் கட்டிலில் அத்தை மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் மாமா. வாயையும் மூக்கையும் துண்டால் கட்டி, கையை முடிந்தவரை உயர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். ஒரு சொட்டு அத்தையின் நெற்றியில் விழுந்தது.

"காத்து மேக்க இருந்து வருது, இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க" என்றார் அத்தை கண்ணைச் சிமிட்டாமல்.

அடுத்த சொட்டு காதில்.

"மாமா, என்ன பண்றீக?"

"நீதானத்தா எழுதியிருக்க? பாட்டில் முனை கண்ணுல படக் கூடாதுன்னு. நான் ஒரு முழம் தள்ளியே புடிக்கிறேன்."

அவரை முக்காலியிலிருந்து இறக்கி, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, ஒரு விரல்கடை உயரத்திலிருந்து விடக் காட்டிக்கொடுத்தேன். பிறகு கண்ணை மூடி, மூக்கோரம் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மருந்து தொண்டைக்கு இறங்காது. பூச்சிமருந்து அடிக்கிற பந்தலுக்குக் கீழே படுத்துக் கண்ணுக்கு மருந்து போடக் கூடாது என்பதைப் பன்னிரண்டாவது விதியாகப் பேனாவில் எழுதினேன்.

மூன்றாம் நாள், அத்தை ஒரு பாட்டிலின் மூடியைக் கழற்றி இன்னொன்றுக்குள் ஊற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எச்சரித்து எனக்குப் போன் போட்டதால் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"ஒரே டேங்க்ல கலந்துட்டா ஒரே அடியா முடிஞ்சுரும்ல? அஞ்சு நிமிசம் மிச்சம்."

"மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பீகளே, அதோட வேற மருந்து சேப்பீகளா?"

"சேத்தா திரிஞ்சு போயிரும்."

"இதுவும் அப்படித்தான்."

பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு, ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்வதுபோல, "நேத்து எடது கண்ணுக்கும் ஒரு சொட்டு விட்டேன். பக்கத்துத் தோட்டம்ல. விடாம இருந்தா அங்கன இருந்து இங்கன தொத்திரும்" என்றார். பதின்மூன்றாவது விதி எழுதினேன்.

ஒரு வாரம் முடிந்தது. டாக்டரம்மா பார்த்து, கண் அருமையாக இருக்கிறது, அடுத்த மாதம் இதே தேதியில் வாருங்கள் என்றார். பார்வைப் பலகையில் அத்தை கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படித்தார். ஊருக்கு வந்த கையோடு தோட்டத்துக்குப் போய் அரைமணி நேரம் இலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாராம். "நரம்பு தெரியுதுத்தா. ஒவ்வொரு நரம்பா" என்றார் என்னிடம்.

நானும் சில நாள் விசாரித்தேன். "வாரம் ஒண்ணு கொறைச்சு வாறேன்" என்றார். அதன்பின் வைகை அணைப் பக்கம் ஊர் ஊராகக் கண் பரிசோதனை முகாம். இரண்டு வாரம் ஆண்டிபட்டியில் தோழி வீட்டில் தங்கினேன்.

திரும்பி வந்த அன்று அத்தை வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது.

"கண்ணாடிய எடுங்க அத்த."

"ஒண்ணுமில்லத்தா. கலர் எடுக்குது."

"என்னது?"

"பழம் பழுக்கறப்ப செவக்கும்ல. அது மாதிரி."

கண்ணாடியைக் கழற்றினேன். வலது கண் கருவிழியைச் சுற்றி நன்றாகச் சிவந்திருந்தது. டார்ச்சைக் காட்டியதும் தலையைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் நீர் கோத்தது. வலிக்கிறதா என்றேன், லேசா என்றார். பார்வை என்றேன். கண்ணாடிக்குக் கை நீட்டினார்.

"மருந்து எத்தனை வேளை போடுறீக?"

"இப்பப் போடல."

"ஏன் அத்த? ஏழாவது விதி எழுதியிருக்கேன். டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாதுன்னு."

"நான் எங்க நிறுத்துனேன்? வெட்டுக்கு விட்டிருக்கேன்."

அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. வெட்டு என்றால் திராட்சை அறுவடை. வெட்டுக்கு இத்தனை நாள் முன்னால் மருந்தை விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் கணக்கு. பழத்தில் மருந்து தங்கியிருந்தால் கேரள வியாபாரி லோடைத் திருப்பி அனுப்பிவிடுவார். அத்தை வாழ்நாளில் ஒரு லோடு திரும்பியதில்லை.

"டாக்டரம்மா தேதி குடுத்திருக்காகல்ல? அவுக வந்து பாக்குறப்ப கண்ணுல மருந்து இருந்தா நல்லாவா இருக்கும்? பத்து நாளைக்கு முந்தியே விட்டுட்டேன். கண்ணு சுத்தமா இருக்கட்டும்னு."

மாமா என்னைப் பார்த்தார். "நான் சொன்னேன்த்தா. தாள எடுத்துக் காட்டுனேன். வெட்டப் பத்தித் தாள்ல எழுதலையேன்னுட்டா."

எழுதவில்லைதான். பதின்மூன்றில் அது இல்லை.

அன்றே பஸ் பிடித்துத் தேனிக்குப் போனோம். முகத்தில் வெயில் படாமல் வழியெல்லாம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே அத்தை வந்தார். பலகையில் மூன்றாவது வரியோடு நின்றுவிட்டார். நான்காவது வரியைக் காட்டியபோது, "அங்கன ஒண்ணுமே எழுதல" என்றார்.

டாக்டரம்மா கருவியில் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். உள்ளே அழற்சி திரும்பியிருக்கிறது என்றார். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித் திரும்பும். அப்படியே விட்டிருந்தால் பார்வையே கெட்டுப்போயிருக்கும். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

"நீங்க பாக்குற நாள்ல சுத்தமா இருக்கட்டும்னுதான்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க இவங்களுக்கு எழுதிக் கொடுக்கலையா?"

நான் தாளை நீட்டினேன். அவர் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

மணிக்கு ஒரு தடவை மருந்து, மூன்று நாள் கழித்துத் திரும்ப வர வேண்டும். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "பயத்துல சொன்னதுக்கு மேலயும் போட்டுறாதீங்கம்மா. அளவுக்கு மிஞ்சிப் போட்டாலும், நாள் கணக்கத் தாண்டிப் போட்டாலும் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும்."

அந்த மூன்று நாளில் ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் ஓர் இலையோடு வந்தார். "அக்கா, இதச் செத்தப் பாருங்க" என்றார். அத்தை வாங்கி, பழக்கத்தில் வெயிலுக்குத் தூக்கினார். கண் கூசித் தலை குனிந்தது. இலையைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மாமாவிடம் நீட்டி, "இவுக பாப்பாக" என்றார்.

மாமா நாற்பது வருஷமாக அத்தைக்கு மருந்தடிக்க ஹோஸ் பிடிக்கிறவர். இலை பார்த்ததே இல்லை. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சையா இருக்கு" என்றார்.

வந்தவர் இலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். அத்தை சிரிக்கவில்லை. மாமாவை வையக்கூட இல்லை. நான் பயந்தது அப்போதுதான்.

அன்று சாயங்காலம் என் தாளைக் கிழித்துப்போட்டேன். அத்தையிடம் ஒரு நீள நோட்டு உண்டு. எந்தத் தோட்டம், என்ன நோய், என்ன மருந்து, எப்போது அடித்தது, எப்போது வெட்டு என்று அடித்த ஒவ்வொரு மருந்தும் அதில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் புதுப் பக்கத்தில் அவர் பாணியிலேயே கோடு போட்டேன்.

தோட்டம்: வலது கண். அளவு: ஒரு சொட்டு. வெட்டு: கிடையாது.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

"வெட்டே கிடையாதா?"

"கிடையாது அத்த. இந்தத் தோட்டத்துல எவனும் பழம் வெட்ட வர மாட்டான். டாக்டரம்மா பாக்க வாறது வெட்டு இல்ல. நீங்க இலை பாக்கப் போவீகல்ல, அது."

"அப்ப எப்பத்தான் விடுறது?"

"சட்டுன்னு விடக் கூடாது. பைய பையக் கொறைக்கணும். எத்தனை வேளை, எத்தனை நாளுன்னு அவுக சொல்லச் சொல்ல நான் இதுல எழுதுறேன்."

அத்தை யோசித்தார். "காய விட்டுத் திடீர்னு தண்ணி பாய்ச்சுனா பழம் வெடிச்சுரும். எதையும் சடார்னு செய்யக் கூடாது. அதானே?"

"அதேதான்."

"இதத்தான் மொதல்லயே சொல்லியிருக்கணும். பதிமூணு எழுதிட்டு வந்துட்டா."

மூன்றாம் நாளிலிருந்து பலகையில் வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இரண்டு வாரத்தில் பழையபடி கடைசிக்கு முந்தின வரி. கண்ணின் அழுத்தமும் சரியாக இருந்தது. நோட்டில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டிக். ஒரு வேளை தவறவில்லை.

ஒரே ஒரு சறுக்கல். முடிந்த பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மாமாவுக்குத் தூசி விழுந்து கண் சிவந்தபோது அத்தை அதை எடுத்துக்கொண்டு துரத்த, மாமா எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஒருவர் கண்ணுக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குப் போடக் கூடாது, சிவந்த கண்ணெல்லாம் ஒரே நோய் இல்லை, திறந்து ஒரு மாதமான பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னேன்.

"அப்ப மூணு தண்ணி கழுவி, ஆணியால ஓட்டை போட்டுரவா?" என்றார் அத்தை கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. பூச்சிமருந்து டப்பாவை யாரும் மறுபடி எடுத்துப் பயன்படுத்தாமலிருக்க அப்படித்தான் செய்வார்கள். செய்யுங்கள் என்றேன். கட்டைவிரல் அளவு பாட்டிலில் நான்கு ஓட்டை போட்டார்.

மூன்று மாதம் கழித்து இடது கண்ணும் முடிந்தது. நோட்டில் இன்னொரு தோட்டம், அதற்கும் வெட்டு இல்லை. மருத்துவமனையில் காத்திருக்கும் கூடத்தில் அத்தை நான்கு பெண்களை உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். குலுக்கணும், இடைவெளி விடணும், சேத்துக் கலக்கக் கூடாது, கண்ணு தெளிஞ்சிருச்சுன்னு விட்டுறக் கூடாது. "வலி எடுத்தாலோ, செவந்தாலோ, பார்வை மங்குனாலோ அன்னைக்கே பஸ் ஏறு. நான் கலர் எடுக்குதுன்னு இருந்து கெட்டேன்."

"எங்களுக்குத் திராட்சை இல்லங்க, வாழை" என்றார் ஒரு பெண்.

அத்தை தயங்கினார். "வாழைக்கு எனக்குத் தெரியாது" என்று சொல்லி என்னைக் காட்டினார். "இந்தப் புள்ளயக் கேளுங்க."

நான் கோயம்புத்தூருக்கு வேலை மாறுவதற்கு முந்தின மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையிடமிருந்து போன் வந்தது. குரலில் பதற்றம்.

"ஏத்தா, டார்ச்ச எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்கு வா. இலை வெளுத்துத் தெரியுது. நான் இன்னும் மருந்து கலக்கல. மொதல்ல நீ பாரு. கண்ணா, இலையா?"

போனேன். பந்தலுக்கு வெளியே நிறுத்தி இரண்டு கண்ணிலும் டார்ச் அடித்தேன். இரண்டும் தெளிவாக இருந்தன. ஒரு கண்ணை மூடி வேப்ப மரத்தைப் பார்க்கச் சொன்னேன். பச்சை என்றார். மறு கண். பச்சை. மாமா முகம்? "அதே பழைய மூஞ்சி." பிறகு அவர் காட்டிய இலையைத் தொட்டேன். என் விரல் நுனியில் வெள்ளை மாவு ஒட்டியது. விரலை அவர் முன்னால் நீட்டினேன்.

"இலைதான் அத்த."

"நெசமாவா?"

"நெசமா."

"ஏங்க, கேட்டீகளா! நோயி வந்துருச்சாம்! நெசமாவே நோயிதான்!"

"நோயி வந்ததுக்கு இப்புடிக் குதிக்கிற மனுசிய இந்தத் தாலுகாவுலயே பாத்ததில்ல" என்று மாமா டேங்கைத் தேடிப் போனார்.

அத்தை என்னைக் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நிறுத்தினார், இல்லாவிட்டால் மருந்து கண்ணில் பட்டுவிடும் என்று. தானும் ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு நோட்டைத் தொடைமேல் வைத்து எழுதினார். தோட்டம், தெற்கு. நோய், சாம்பல். இடம், இலை. பிறகு மருந்து, நாள், வெட்டு. வழக்கமாக அங்கே நிறுத்திவிடுவார். அன்று பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்தபடி இருந்துவிட்டு, அதுவரை நோட்டில் இல்லாத ஒரு வரியைக் கீழே சேர்த்தார்.

பார்த்தது: ரெண்டு கண்ணும்.